ஆமை என்று நான் வாசித்த நாள்

இஞ்சாருமப்பா மனோன்மணி,

இந்தக் கடிதம் முழுவதும் என் கையெழுத்து. நம்புகிறீரா? ஒரு பந்தி எழுத ஒரு நாள் போகிறது. போகட்டும்.

நீர் இருந்தவரை நம் இரகசியம் பத்திரமாக இருந்தது. யாராவது ஒரு தாளை நீட்டினால், "இவர் கண்ணாடியை மறந்துபோட்டு வந்திட்டார், என்னட்டைத் தாங்கோ" என்று நீர் வாங்கிவிடுவீர். ஊரிலும் அப்படித்தான், கடல் கடந்து வந்த இந்த மனுரேவாவிலும் அப்படித்தான். பெற்ற மகள் சுகந்திகூட நம்பினாள். நீர் கண்மூடிய மறுமாதமே என்னைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கித் தந்துவிட்டாள். இனி எதைச் சொல்லித் தப்புவது? தமிழ்ப் பத்திரிகையைக் கொண்டுவந்து வைப்பாள். நான் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். படம் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பேன்.

போன குளிர்காலம், அவளோடு வேலை செய்யும் யப்பான்காரி கெய்கோ எங்களைத் தேநீருக்கு அழைத்தாள். கராஜில் பாய் விரித்து, குனிந்து நுழைகிற மாதிரி ஒரு தேநீர் அறை செய்திருந்தாள். சுவரில் நீண்ட தாளொன்று தொங்கியது. மேலே பறக்கும் கொக்கு. கீழே கறுப்பு மையில் பெரிதாக ஒன்று. மூத்தவன் என்று என்னை முதல் விருந்தாளியாக இருத்தினார்கள். முதல் விருந்தாளிதான் அந்தத் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டுமாம். சுகந்திதான் காதுக்குள் சொன்னாள். இங்கேயும் ஒரு தாளா?

உற்றுப் பார்த்தேன். ஓடு, தலை, கால், வால்.

"ஐயோ பிள்ளை, இது ஆமையெல்லே! ஆமை புகுந்த வீடு உருப்படாது. கழட்டச் சொல்லு!"

சுகந்தி தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கெய்கோ பாயில் கையூன்றிச் சிரித்தாள். அது படம் இல்லையாம், எழுத்தாம். ஆமை என்கிற எழுத்து! கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் ஆண்டு என்று வாழ்த்துக்காக மாட்டுவார்களாம்.

"கேக்காமல் வாசிச்ச முதல் ஆள் நீங்கள்தானாம், அப்பா! யப்பான் ஆக்களே கேட்டுத்தான் அறியுறவையாம். கேக்கிறதுதான் மரியாதையாம்."

கேட்பது மரியாதையா? எனக்கு இத்தனை வயதில் இதை யாரும் சொல்லவில்லையே!

"அப்ப நானும் ஒண்டு கேக்கிறன், பிள்ளை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. காட்டித் தாறியே?"

பகிடி என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அம்மாவுக்குத் தெரியுமே?"

"அம்மாதானே என்ர கண்ணாடி."

சுகந்தி பாயிலேயே அழுதாள். ஒன்றும் விளங்காத கெய்கோ, பச்சையாய் நுரைத்த தேநீரை என் இரு கைகளிலும் வைத்தாள். ஒரே கைப்பு. நீர் என்றால் "சீனி எங்கை?" என்றிருப்பீர். நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன். கேட்பது மரியாதையல்லவா?

சுகந்தி காட்டித் தந்த முதல் சொல் ஆமை. இரண்டே எழுத்து. நான் எழுதியதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "ஆமை வீட்டுக்குள்ள வந்திட்டுது, அப்பா" என்று நக்கல் வேறு. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? இத்தனை காலம் எனக்காகப் பொய் சொன்னீரே, ஒருநாளாவது அலுத்ததா?

இனிக் கண்ணாடியை மறந்தேன் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். நீர் எழுதிய சமையல் கொப்பியை ஒரு பக்கம் விடாமல் வாசித்து முடிப்பேன். ஆமை வேகம்தான். ஆனால் ஆமைக்குத்தான் பத்தாயிரம் ஆண்டு இருக்கிறதே.

கைநாட்டு அல்ல, கையெழுத்து:
உம்முடைய மனுசன்,
கந்தையா