கமிட்டியில் என் பெயர்

நவம்பர் 12
கல்லூரியில் கருத்தரங்கு. கல்விக்கூடங்களில் பாகுபாடும் சட்டமும். அமெரிக்காவில் ஒரு மாநிலம், பள்ளிகளில் யூதப் பிள்ளைகளை இழிவுபடுத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டிருக்கிறதாம். ஏற்பாடு செய்த ஜோஜோ சார் உருகி உருகிப் பேசினார். முடிந்ததும் முதல் வருஷத்துப் பிரதீபாவையும் என்னையும் பார்த்து, “பாண்டிகள் ரண்டும் வந்நு கசேர எடுத்தே” என்றார். தமிழ் பேசுகிற எங்களுக்கு இந்த மலையாளக் கல்லூரியில் அதுதான் பெயர். கூடம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே நாற்காலி அடுக்கினேன். நான் ஏன் சிரித்தேன்?

நவம்பர் 17
அன்றிலிருந்து பிரதீபா கல்லூரிக்கு வரவே இல்லை. போன் செய்தேன். “போதுங்க்கா. கோயமுத்தூர்ல ஜவுளிக்கடைக்குப் போறேன். அங்க பேரு சொல்லியாச்சும் கூப்புடுவாங்க.”

நவம்பர் 18
சமவாய்ப்புக் கமிட்டியைப் பார்த்துக்கொள்ளும் டின்சி மிஸ்ஸிடம் புகார் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்தார். நானே கமிட்டி உறுப்பினராம்! இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களிடம் காட்டத் தமிழ்ப் பெண் ஒருத்தி தேவைப்பட்டதால் போன வருஷமே என் பெயரைப் போட்டுவிட்டார்களாம். உறுப்பினர் புகார் கொடுக்கக் கூடாதாம். மாடிப்படிப் பலகையில் பெயர் இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று என்னையே கேட்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “சரி மிஸ்” என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 19
அம்மாவிடம் சொன்னேன். “நம்மூட்டுல டிகிரி வாங்கப்போற மொத ஆளு நீ. வாயக் குடுத்துக் கெடுத்துக்காத கண்ணு.” என் புராஜெக்ட் கைடே ஜோஜோ சார்தான். அம்மா சொல்வதும் பொய்யில்லை.

நவம்பர் 21
உறுப்பினரா? சரி, அப்படியே இருக்கட்டும். பிரதீபாவைப் புகார் எழுத வைத்தேன். விசாரணையில் நான் உள்ளே இருப்பேன் என்றேன். “பேசுவீங்களாக்கா?” என்று கேட்டாள். “மொதல்ல நீ கையெழுத்தப் போடு” என்றேன்.

நவம்பர் 26
விசாரணையா அது? டீயும் பழம்பொரியும். சார் பாசத்தில் சொன்னாராம். கை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றார் மிஸ். பிரதீபா தலையாட்டப் போனாள். மலையாளத்திலேயே கேட்டேன் — பாசம் என்றால், சார், மற்றப் பிள்ளைகளை ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? உறுப்பினர் சொன்னதை மினிட்ஸில் எழுதச் சொன்னேன். மிஸ் பழம்பொரித் தட்டை நகர்த்திவிட்டு எழுதினார்.

நவம்பர் 27
கைடுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சார். காரணம்? நேரமில்லையாம். அடப்போங்கய்யா.

டிசம்பர் 3
முதல் வருஷ வகுப்பைத் தாண்டிப் போனேன். சார் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். “பிரதீபா” என்றார், தலை நிமிராமல். “பிரசென்ட் சார்” வராந்தாக் கோடிவரை கேட்டது. நான் கைடு தேடி அடுத்த டிபார்ட்மென்டுக்கு நடந்தேன்.