நானும் ஒரு புரோக்கர்

12.8.1999, வியாழன் இரவு

போர்வைக்குள் எழுதுகிறேன். வீடு வாங்கி வாடகைக்கு விட, முன்பணத்துக்காக அம்மாவின் சங்கிலியை அப்பா விற்கப் போவதாக இருந்தது. மாதம் ஆயிரத்தைந்நூறு வாடகை வரும் என்றாராம் புரோக்கர். பள்ளி விட்டதும் திருவொற்றியூரில் அந்த வீடு இருக்கும் தெருவுக்கே போய், வீடு தேடுவதுபோல் ஒரு அக்காவிடம் விசாரித்தேன். "போர்ல உப்புத் தண்ணி. எண்ணூறுக்கு மேல எவன் குடுப்பான் பாப்பா?" என்றார்.

தனியாகப் போனது தெரிந்தால் அப்பா தோலை உரிப்பார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அப்பாவே அம்மாவிடம் ஆரம்பித்தார். "அந்தத் தெருவுல நானே வாடகை விசாரிச்சேன். எண்ணூறுதானாம். 'இப்பத்தான் ஒரு ஸ்கூல் பொண்ணு கேட்டுகினு போச்சு, அப்பிடியே உன் மூஞ்சி நைனா'ன்னு ஒரு பொம்பள சிரிக்குது. அந்த வூடு வேணாம். சங்கிலிய நீயே போட்டுக்க."

நான் தலை தூக்கவில்லை. அப்பா தன் தட்டிலிருந்த சங்கரா மீனை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"துன்னு, புரோக்கரம்மா."