ஜுரத்தில் சொன்னதும் தெளிந்து சொன்னதும்

ஏ.எஸ்.ராவ் நகர், 14.11.2003

சிரஞ்சீவி வாசுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள், நானும் முட்டிவலியோடு நடமாடுகிறேன். நீயும் உஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நீ போன் செய்துதான் ஒரு மாதமாகிறதே.

அம்மா போனில் பேசியதுதான் காரணம் என்று தெரியும். தசரா சமயத்தில் அவளுக்கு விடாத ஜுரம், பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு பேச்சு மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள் என்றாள், நான் கொடுத்த தண்ணீரை விஷமென்று என் மூஞ்சியிலேயே கொட்டினாள், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்னையே யாரோ அன்னியரைக் கேட்பதுபோல நீங்க யாரு, மீரு எவரண்டி என்று தெலுங்கில் கேட்டாள். அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டாய். என் பிள்ளை செத்துட்டான், நீ யாருடா என்று கத்திவிட்டு போனை வைத்தாள். உன் தங்கை சாஹித்யா மாசியில் பிரசவத்தில் போன துக்கம், புத்தி பிசகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி ஒரு மனநல நர்சிங் ஹோமில் சேர்த்தேன். அங்கே கட்டிலோடு கைகளைக் கட்டினார்கள், அவள் திமிறத் திமிற நான்தான் தோளை அழுத்திப் பிடித்தேன். அங்கிருந்த சின்ன டாக்டர் ஒருத்தர் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். டைபாய்டு, ஜுரம் மூளையைக் கலக்கியிருக்கிறது, பைத்தியம் இல்லை என்றார். வேறு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஜுரம் இறங்க இறங்க அவளும் திரும்பி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். உங்க மேலயா தண்ணி கொட்டினேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசுவிடம் பேசியதும் ஜுரம்தானே, ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று போனை நீட்டினேன். வாங்கவில்லை. அது ஜுரத்துல சொன்னது இல்லைங்க, இப்பவும் அதான் சொல்றேன் என்றாள். விசா சிக்கலாயிடும், வேலை போயிடும்னு கூடப் பிறந்தவ முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வராதவன் எனக்கு ஜுரம்னா எதுக்கு விசாரிக்கணும் என்று கேட்டாள். டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், புத்தி முழுக்கத் தெளிந்துவிட்டது என்கிறார்.

அவளை மாற்றப் பார்க்கிறேன் என்று பொய் எழுத மாட்டேன். எனக்கு ஒரு நாள்கூட ஜுரம் இல்லை, அவள் சொன்னதை மறுக்க எனக்கும் வாய் வரவில்லை.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. உஷாவும் நீயும் குறைவில்லாமல் இருங்கள். மாசியில் சாஹித்யாவுக்கு வருஷத் திதி. வரச் சொல்லி எழுதவில்லை, தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா பத்மநாபன்