அவசரப்பட்டவன் நான்தான், அருள்

என் அருளுக்கு,

நீ செத்துப்போய் ஒரு வருடம் ஆனதென்று உன் கல்லூரியில் நேற்று நினைவுக் கூட்டம் போட்டார்கள். உன் பேராசிரியர் பேசினார். "நல்ல பையன். ஆராய்ச்சியோடு நின்றிருக்கலாம். ஆலை வைக்க அவசரப்பட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மாவைப் புளிக்காமல் வெளுப்பாக எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவன் நீ. அதைத் தீசிஸ் என்று பைண்டு பண்ணி அலமாரியில் வைத்ததைத் தவிர அவர் என்ன செய்தார்? சுதந்திரம் வந்த நாட்டில் படிப்பு பூட்டிக் கிடக்கலாமா என்று கேட்டுத்தானே ராசிபுரத்துக்கு என்னைத் தேடி வந்தாய்?

ஆனால் அவர்மேல் மட்டும் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நம் ஆலையில் மாவு படியவைக்கும் தொட்டியெல்லாம் கட்டி முடித்த அன்று நீ சொன்னாய்: "முத்து, ஒரு மாசம் பொறுடா. காலேஜ்ல காய்ச்சி வடிச்ச தண்ணியிலதான் செஞ்சேன். உன் கெணத்துத் தண்ணியில இரும்பு இருக்கு. சோதிக்கணும்."

"ஆவாது அருளு. ஆலை தெறக்க முகூர்த்தம் குறிச்சாச்சு, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டேன். தேதிய மாத்துனா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றேன்.

நீ மாதா கோயிலுக்குப் போகிறவன். முகூர்த்தம் உனக்கு எதற்கு? எனக்காகத் தலையாட்டினாய். ஏன் ஆட்டினாய்? என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா?

முதல் நாள் மாவு சாம்பல் நிறத்தில் படிந்தது. ஆத்தூர் வியாபாரி அள்ளிப் பார்த்துவிட்டு, "பட்டணத்துப் படிப்பு மாவுக்கு ஒதவாதுங்க" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னார். என் உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே டைபாய்டு வந்து நீ போய்விட்டாய். நேற்றும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். தூ!

கேள். உன் நோட்டில் எழுதியிருந்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். இரும்பு நீங்கத் தண்ணீரைக் காற்றுப்பட விழவைத்து, மணலில் வடித்துப் பயன்படுத்தினேன். போன வாரம் மாவு பளிச்சென்று வந்தது. உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, அருள்.

அன்றிலிருந்து மூடிக்கிடக்கும் ஆலையை மறுபடி திறக்கப் போகிறேன். அதே உறவுக்காரர்களையும், அந்த வியாபாரியையும், உன் பேராசிரியரையும் கூப்பிடுவேன். உன் அம்மாவை முன்னால் உட்காரவைத்து, அவசரப்பட்டவன் நான், நீ இல்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். அதைச் சொல்லாமல் ஒரு கிழங்கைக்கூட அரைக்க மாட்டேன்.

உன் அம்மாவுக்கு இனி மகனாக இருக்க வேண்டிய,
முத்துசாமி