ஓடிப்போனவன் என்று எழுதப்பட்ட சிப்பாய்

இன்று காலை மெஸ் வாசலில் லிஸ்ட் ஒட்டினார்கள். வேலை முடிந்து ஊருக்கு அனுப்பப்படுகிறவர்களின் பெயர்கள். சவுதியின் இந்த ஜுபைலில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ லிஸ்ட் பார்த்தாயிற்று. ஆனாலும் பெயருக்கு எதிரே ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு கட்டம் இருந்தால் முதலில் அதைத்தான் படிக்கிறேன். உன் ஞாபகம் வந்துவிடுகிறது.

நீ டைம் கீப்பர், நான் பைப் ஃபிட்டர். நீ வள்ளியூர் பக்கம், நான் அறந்தாங்கிப் பக்கம். ஒரே ரூமில் எதிரெதிர் கட்டில், நான்கு வருஷம். யார் வந்தான், யார் வரவில்லை என்பதெல்லாம் உன் பேனாவில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஒரே குழம்பைப் பங்கிட்டுச் சாப்பிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்போதுதான் நீ வெள்ளிக்கிழமைதோறும் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே போகத் தொடங்கினாய். சேஃப்டி மேனேஜராக இருந்த அமெரிக்கக் கிழவரின் வீட்டுக்கு. லீவு நாளில் மேனேஜர் வீட்டில் டைம் கீப்பருக்கு என்ன வேலை? கேட்டேவிட்டேன்.

“கொஞ்சம் எழுத்து வேலை.”

“என்ன எழுத்து?”

“ஏதோ பழைய மஸ்டர் ரோலு, ஆஜர் லிஸ்ட்டு. விடுலே.”

நான் விடவில்லை. நீ துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மெத்தைக்கு அடியில் இருந்த ஃபைலை உருவினேன். ‘கம்பெனி பி’, ‘கம்பெனி ஜி’ என்று ஆங்கிலத்தில் தலைப்புகள். கீழே உன் கையெழுத்தில் பெயர்கள். தாமஸ், ஜோசப், ஜேக்கப், சாமுவேல். கூடவே இருந்த இரண்டாம் பெயர்கள் வாயில் நுழையவில்லை, நான் முயலவும் இல்லை. அடுத்த ரூமில் கோட்டயத்துக்காரர்கள் ஆறு பேர். அவர்களில் தாமஸும் உண்டு, ஜோசப்பும் உண்டு. பெயர்களுக்கு எதிரே ஆப்சென்ட், சிக், டிஸ்சார்ஜ்டு. ஒருவனுக்கு எதிரே ‘டெசர்ட்டடு’ என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம். அர்த்தம் தெரியாமல் ஃபோனில் போட்டுப் பார்த்தேன். ஓடிப்போனவன்.

இங்கே அந்த வார்த்தைக்கு ஹுரூப் என்று பெயர். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று விசா கொடுத்த முதலாளியான கஃபீல் ஒரு புகார் கொடுத்தால் போதும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன்கூடப் போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியதுதான். யாருக்கோ நீ அந்தக் குழியைத் தோண்டுகிறாய் என்று முடிவு கட்டினேன். அடுத்த ரூமில் போய்ச் சொன்னேன்.

அன்று மதியம் நீ தட்டோடு வந்து உட்கார்ந்ததும் மெஸ்ஸில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தாமஸ்தான் தன் தமிழில் கேட்டான்: “யார் பேரெல்லாம் எழுதிக் கொடுத்தது, சேட்டா?”

நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

“செத்துப்போனவங்க பேர எழுதுதேன். ஒங்க பேரு அதுல இல்ல.”

மிரட்டுகிறாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அன்று சாயங்காலமே காம்ப் பாஸிடம் போய், “டைம் கீப்பர் ஆபீஸ் லிஸ்டை வெளியே கொண்டுபோகிறான்” என்று ஒருவன் சொன்னான். அந்த ஒருவன் நான். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

விசாரணைக்கு ரூம்காரன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்தக் கிழவரே வந்து ஃபைலை மேஜைமேல் பிரித்து வைத்தார். அவர் நிதானமாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, காம்ப் பாஸ் எங்களுக்கு இந்தியில் சொன்னார்.

அடிமை முறையை ஒழிப்பதா வேண்டாமா என்று அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட காலம். கிழவருடைய தாத்தாவின் தாத்தா வடக்குப் பக்கத்துக் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றில் சிப்பாய்; ‘கம்பெனி’ என்று எழுதியிருந்தது அதன் பிரிவுகளை. கூட இருந்தவர்கள் பெரும்பாலும் ஏர் பிடித்தவர்கள். பூட்ஸ் தேய்ந்து வெறுங்காலோடு நடந்திருக்கிறார்கள். ஒரு காட்டுச் சண்டை முடிந்த சாயங்காலம் பெயர் கூப்பிட்டபோது பாதிப் பெயர்களுக்குப் பதில் வரவில்லையாம். குண்டுக்குத் தப்பியவர்களைக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோயின. அந்தத் தாத்தா பிழைத்து ஊர் திரும்பினார். ஆனால் ரெஜிமெண்டின் மஸ்டர் ரோலில் ‘ஓடிப்போனவன்’ என்று இருந்தது. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

கிழவர் பழைய பதிவுகளின் நகல்களை வைத்துக்கொண்டு கையெழுத்துப் புரியாமல் திண்டாடியிருக்கிறார். நீ வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து வரி வரியாகப் பெயர்த்து எழுதியிருக்கிறாய். ஒரு பதிவில் ‘நோயாளி, ஆஸ்பத்திரியில்’ என்று இருந்தது. அடுத்ததில் கையெழுத்தே வேறு, வெறும் ‘ஆப்சென்ட்’. அதற்கும் அடுத்ததில் ‘டெசர்ட்டடு’. அதே நாட்களின் ஆஸ்பத்திரிப் பதிவில் அதே ஆள், ஒரு எழுத்துப் பிழையோடு, காய்ச்சலில் கிடந்திருக்கிறார்.

“எழுதுற ஆளு மாறிட்டான் சார். புதுசா வந்தவன் விசாரிக்கல” என்று நீ சொன்னாயாம். கிழவர் அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கலாஸ்” என்று காம்ப் பாஸ் ஃபைலை மூடினார். உன்மேல் தப்பில்லை. ஆனாலும் சந்தேகம் வந்த ஆளுக்கு டைம் ஆபீஸ் வேண்டாமென்று உன்னைப் பைப் யார்டு ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஏசி அறையில் இருந்தவன் தகரக் கொட்டகைக்குப் போனாய்.

“ஃபைலைத் திறந்தது தப்புதான்டா” என்றேன்.

“சரி விடு” என்றாய். புகார் சொன்னது யாரென்று நீ கேட்கவே இல்லை. அதன்பிறகு எனக்கு அந்த மௌனத்தின் மேல் சந்தேகம். தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறாயா? ஒருநாள் சாப்பிடும்போது நீயாகவே சொன்னாய்: “அந்தச் சிப்பாய் சர்ச்சுக்குப் போனா, பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களாம்.” கதைக்காகச் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா? உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

வெயில் காலம் முழுக்க ஸ்டோரில் இருந்தாய். அது முடிந்ததும் இனித் திரும்பி வராதபடி ஃபைனல் எக்ஸிட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாய். மறு வருஷம் மாரடைப்பில் நீ இறந்துவிட்டாய் என்று ஃபோன் வந்தது. ரிட்டயராகி ஊர் திரும்பியிருந்த கிழவர் ஆபீசுக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தார். ராணுவத்துக்கு எழுதிப் போட்டதில் பதிவைத் திருத்திவிட்டார்களாம், தாத்தாவுக்குப் புதுக் கல்லறைக் கல் வைத்தார்களாம். உன்னிடம் சொல்லச் சொல்லியிருந்தார். அது வந்தபோது நீ போய் ஒன்பது நாள்.

போன மாதம் உன் வீட்டுக்குப் பேசினேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காம்ப் பாஸிடம் போனது நான்தான் என்று சொன்னேன்.

“அவியளுக்குத் தெரியும் அண்ணாச்சி. வந்த அன்னைக்கே சொன்னாவ.”

“என்ன சொன்னான்?”

“‘அவன் பயந்துட்டான்’னு மட்டும் சொன்னாவ. பொறவு அதப் பத்திப் பேசவே இல்ல.”

நீ என்னைத் துரோகி என்று சொல்லியிருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது நியாயம் தேடியிருப்பேன். பயந்துட்டான் என்றாய். டைம் ஷீட்டில் ஒரு ஆளைக் குறிப்பதுபோல், கூட்டாமல் குறைக்காமல், என்னைச் சரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.