கூரையை விழ விடுகிற வேலை

புரட்டாசி 20, செவ்வாய்

வெயில். மேகம் கூடிக் கலைந்துவிட்டது. விதைத்த மக்காச்சோளம் மண்ணுக்குள் வறுபடுகிறது.

பேத்தி செல்வி லீவில் வந்திருக்கிறாள். தெலுங்கானாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினீயர். பொம்பளை பூமிக்குள் இறங்க முன்பு சட்டம் விடாது, இப்போது விடுகிறது. ரேஷன் கடை வரிசை முழுக்கச் சொன்னேன். மேலத்தெருக்காரி, "கரி அள்ளவா அம்புட்டுப் படிச்சா?" என்றாள். "ஒம் மவன் அதக்கூட அள்ளலையேட்டி" என்றேன்.

போனில் மிஷின் படம் காட்டினாள். உருளை முழுக்கப் பல். கரியைக் கடித்துத் துப்புகிறது. ஓட்டுகிற ஆள் தள்ளி நின்று ரிமோட்டில். கரி எடுத்த இடத்தில் கூரையை வேண்டுமென்றே விழ விடுவார்களாம். விழும்போது கிளம்புகிற காற்றே ஆளைத் தள்ளுமாம். இனி ஆளே இறங்காமல், மேலே உட்கார்ந்து டிவியில் பார்த்து வெட்டும் காலம் வரும் என்றாள்.

"வெடி?"

"இந்த மிஷினுக்கு வெடியே வேண்டாம் ஆச்சி."

அது போதும் எனக்கு. என் வீட்டுக்காரர் கிணறு வெட்டில் போனது வெடியால். எட்டுத் திரி பற்றவைத்து, எட்டுச் சத்தம் எண்ணிவிட்டுத்தான் இறங்கினார். அதில் ஒன்று ஊர்த் திருவிழா, அம்மன் கொடையில் போட்ட வெடி. கிணற்றில் ஒன்று வெடிக்காமல் கிடந்திருக்கிறது.

21, புதன்

காலையில் செல்விக்குப் போன். வேறொரு சுரங்கத்தில் கூரை விழுந்து இரண்டு பேர் சாவு. என் மகன் மாரியப்பன் காதில் விழுந்துவிட்டது.

"நாளைக்கு ரயில் ஏறுன, கால வெட்டிருவேன்."

"அங்க இன்னும் பழைய முறைப்பா. எங்க சுரங்கத்துல…"

அறைந்தான். உதடு கிழிந்தது. போனைப் பிடுங்கித் துவைகல்லில் அடித்து நொறுக்கினான். உள் அறையில் தள்ளிப் பூட்டு. மருமகள் அழுதாள், சாவி கேட்கவில்லை.

முழங்கால் வலி. தைலம் வாங்கணும்.

22, வியாழன்

மகன் சோளக் காட்டுக்குப் போனதும் கடப்பாரை எடுத்தேன். உள் அறைக் கதவு நாதாங்கி பிய்ந்தது. அவன் திரும்பி வந்துவிட்டான். என் கையை முறுக்கினான். மற்றக் கையில் கடப்பாரை. அவன் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"ஓடுட்டி!"

பையோடு ஓடினாள். ரயில் கிடைத்துவிட்டதாம், ஆட்டோக்காரப் பையன் வந்து சொன்னான்.

மகன் தரையில் கிடந்து கத்தினான். "எங்கப்பன சாக்குல அள்ளும்போது நீ மயங்கிக் கெடந்த. நான் பாத்தேன்லா! கை தனியா வந்துச்சும்மா!"

இத்தனை வருஷம் சொன்னதே இல்லை.

காலுக்கு மாவுக்கட்டு. தரையில் கிடந்த ரத்தத்தை நானே கழுவினேன். கால் முறிந்ததற்கு வருத்தம். அடித்ததற்கு இல்லை.

26, திங்கள்

சாயங்காலம் மழை. கரிசல் செருப்போடு அப்புகிறது. மருமகள் போனில் செல்வி.

"ஆச்சி, கூரை விழுந்து மிஷின் பொதஞ்சிட்டு. நாங்கல்லாம் தள்ளி நின்னோம். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

"நல்லதாப் போச்சு. மிஷினு தொலையட்டும்."

"அத விட முடியாது ஆச்சி. கூரைக்கு முட்டுக் குடுத்து முட்டுக் குடுத்து உள்ள போயி, சங்கிலி மாட்டி இழுக்கணும். அதுக்கு ஆளுதான் போவணும். நாளைக்கு நாந்தான் கூட்டிட்டுப் போறேன்."

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் மகன் காலை எதற்கு உடைத்தேன்.

"பாத்துப் போயிட்டு வாட்டி" என்றேன்.

கட்டிலில் இருந்து மகன் கேட்டான். "என்னம்மா சொல்லுதா?"

"சாப்பிட்டாளாம்."