சந்தனம் போல் அரைத்த கல்

பகாங் மலைச் சுரங்கம்
18.5.1943

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். சிவகாமிக்கு ஏழாம் மாதம், ஒழுங்காக உண்கிறாளா?

வெள்ளைக்கார இஞ்சினியரை ஜப்பானியர் சிறைவைத்த பின், ஆலைக்கு எண்ணெய் ஊற்றிய நானே மேஸ்திரி. தாதுக்கல்லை உருளையில் அரைத்து, நீரும் எண்ணெயும் சேர்த்துக் காற்று ஊதினால், செம்புத்தூள் நுரையில் ஒட்டி மேலே வரும். கல்தூள் அடியில் தங்கும். இப்போதோ பாதிச் செம்பு கல்லைவிட்டுப் பிரியாமல் கழிவில் போகிறது. ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் என்னை, போனவர் திரும்பாத சயாம் இரயில் வேலைக்கு அனுப்புவதாக ஜப்பான் துரை சொல்லிவிட்டார்.

சேதுபதி

காஜா பேராங், மலாக்கா
29.5.1943

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு,

எம்பெருமான் திருவருள் துணைநிற்க. உங்கள் மனைவி, “அவர் அரிசியோடு வரட்டும், மரவள்ளிக் கிழங்கை நீங்களே தின்னுங்கள் அப்பா” என்கிறாள். அடுத்த வீட்டில் மலாய் பேசும் சிட்டிச் சமூகத்து மாது பூங்காவனம் சாப்பிடச் சொல்லி “மாக்கான் லா!” என்று அதட்டினால்தான் வாய் திறக்கிறாள்.

பிள்ளையாருக்கு நாற்பதாண்டு சந்தனம் அரைத்தவன் சொல்கிறேன். நறநறவென்றிருந்தால் திருமேனியில் பற்றாது. கல்லையும் மையாக அரையுங்கள்.

கலியாணசுந்தரம்

பகாங்
2.7.1943

மாமா,

தங்கள் சொற்படி அரைத்தோம். முதல் வாரம் நுரை மினுமினுத்தது. துரை எனக்குச் சிகரெட்டுகூடக் கொடுத்தார். இன்னும் அரைத்தால் இன்னும் வருமென்று இருமடங்கு நேரம் உருளையை ஓடவிட்டேன். செம்பு சேறாகிவிட்டது. அத்தனை நுண்ணிய தூள் குமிழில் பற்றாமல் நழுவுகிறது. கழிவுக் குட்டையில் கைவிட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று சந்தனமேதான்.

சயாம் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. தவறு என்னுடையது, எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. சிவகாமியிடம் வேலை மாற்றம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சேதுபதி

காஜா பேராங்
12.9.1943

மாப்பிள்ளை,

பெண் குழந்தை. நாற்பது நாளாயிற்று. தகப்பன் வந்து பெயரிடட்டும் என்று சிவகாமி பிடிவாதமாக இருக்கிறாள். “மாற்றலான ஊரில் தபாலே கிடையாதா அப்பா?” என்று கேட்கிறாள். “மழைக்காலம் அம்மா” என்கிறேன். திருமுறை ஓதும் வாய் இது.

நிறுத்தத் தெரியாதவர் நீங்கள் அல்லர். நிறுத்தச் சொல்லாதவன் நான். சந்தனத்திற்கு எல்லை இல்லாததால் கல்லுக்கும் இல்லையென்று எண்ணிவிட்டேன்.

சயாம் முகாமில் உங்களிடம் சேர்க்கச் சொல்லி லாரிக்கார நல்லையாவிடம் கொடுத்த கடிதங்கள் மூன்றும் பிரிக்கப்படாமலே திரும்பின. இதையும் கொடுக்கிறேன்.

இன்று காலை சந்தனம் அரைக்கையில் கை பாதியில் நின்றுவிட்டது. அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குருக்கள் விரலால் தொட்டு, “என்ன ஐயா, நறநறவென்றிருக்கிறதே?” என்றார்.

“இன்றைக்கு இவ்வளவு போதும்” என்றேன்.

கலியாணசுந்தரம்